கரிச்சான் காவல்

ஆசிரியருக்கு,

கொல்லை மரத்தில் இரட்டைவாலன் என்கிற கரிச்சான் குருவி கூடு கட்டினால், அதையொட்டியே புள்ளிப்புறாவும் கொண்டைக்குருவியும் குடியேறுவது டெல்டா ஊர்களில் உண்டு. நட்பு என்பதைவிட இது காவல். காகமோ வல்லூறோ நெருங்கினால் இரட்டைவாலன் கொத்தித் துரத்திவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தோடு அணில் மேய்வதும் அப்படித்தான். ஒன்று கத்தினால் மற்றதும் உஷார்.

கூடு கட்டும் காலத்தில் கிளை கழிக்காதீர்கள். தண்ணீருக்கு அகலமான மண்சட்டி, 2 அங்குல ஆழம், நடுவே ஒரு கல். ஆழம் கூடினால் அணில் குட்டி ஏற முடியாமல் மூழ்கும். பூனை பதுங்கும் செம்பருத்திப் புதரிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி நீர் மாற்றாவிட்டால் கொசுப்புழுதான் மிச்சம். சோறு, மிக்சர் போட வேண்டாம். காகம் கூடிவிடும், பாவம் கரிச்சானுக்கு ஓய்வே இருக்காது.

வாசகர், திருவையாறு