மடிப்புப் புத்தகத்தின் பின்பக்கம்

யோகோஹாமா,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருப்பது நேற்றிரவு போனிலேயே தெரிந்துவிட்டதால், அதையே மறுபடியும் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. நேரில் "நைனா, நீ" என்று பேசியே வளர்ந்தவன் இங்கே "நீங்கள்" என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வாய்ப்பேச்சு எப்படி இருந்தாலும் எழுத்து என்று வந்துவிட்டால் பிழையில்லாத தமிழில்தான் எழுத வேண்டும், போர்டு எழுதுகிறவன் வீட்டிலிருந்து ஒற்றுப் பிழையோடு ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது என்று கல்மண்டபத்துக் கடைப் பலகைகளுக்கு முன்னால் என்னை நிறுத்திவைத்துச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே.

இந்தக் கடிதத்தோடு ஒரு படப் புத்தகமும் வருகிறது. போனில் நீங்கள் "சாப்ட்டியா" என்று கேட்கிறீர்கள், நான் "சாப்ட்டேன்" என்கிறேன், அதற்குமேல் இருவருக்குமே பேச்சு வருவதில்லை. இந்தப் பத்து மாதத்தில் நான் பார்த்து விழித்ததையும், மாட்டிக்கொண்டு முழித்ததையும் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதால் கேலிப்படங்களாகப் போட்டு வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பலாமே என்று தங்கச்சி கேட்பாள். இங்கே விற்கிற போன்களில் கேமராவை அமுக்கினால் 'க்ளிக்' என்ற சத்தத்தை நிறுத்தவே முடியாது. அனுமதியில்லாமல் அடுத்தவரைப் படமெடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. ஊசி விழுந்தாலும் கேட்கிற ரயில் பெட்டியில், எதிரே வாய் பிளந்து தூங்குகிறவரை நோக்கி அந்தச் சத்தம் எழுந்தால் மானம் போய்விடும். பேனாவுக்குச் சத்தம் கிடையாது.

புத்தகத்தைப் பிரித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பட்டுத்துணி அட்டை போட்டு, நீளமான ஒரே தாளை விசிறி போல மடித்து மடித்து ஒட்டிய இதைப் படம் வரைவதற்கென்றே செய்தது என்று நினைத்துத்தான் கடையில் வாங்கினேன். பன்னிரண்டு மடிப்பு வரைந்து முடித்த பிறகுதான், கோயில் கோயிலாகப் போய் அந்தந்தக் கோயிலின் சிவப்பு முத்திரையையும் தூரிகை எழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள பக்தர்கள் வாங்குகிற புத்தகம் இது என்று நான் வெல்டிங் வேலை செய்யும் பட்டறையின் மேஸ்திரி சொன்னார். சாமி புத்தகத்தில் குறட்டை விடுகிறவர்களை வரைந்துவிட்டோமே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொள்ள, அவர் அதற்குச் சமாதானமும் சொன்னார். இந்த நாட்டின் மிகப் பழைய கேலிப்படங்களே ஒரு கோயில் சொத்துதானாம். தவளையும் முயலும் மல்யுத்தம் செய்வதும், குரங்கு சாமியார் வேடம் போட்டு மந்திரம் ஓதுவதுமாக 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வரைந்த நீளமான சுருள்கள் கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமானவை. ஆகையால் அம்மா பார்த்துக் கோபித்துக்கொண்டால் இந்தச் செய்தியைச் சொல்லிச் சமாளியுங்கள்.

பதினாலாவது மடிப்பில் இருப்பது ரயில் ஓட்டுநர். முதல் பெட்டியில் ஏறினால் கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போகலாம். வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, ஒவ்வொரு சிக்னலையும், கடிகாரத்தையும், வேக முள்ளையும் சுட்டிக்காட்டி, பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார். முதல் நாள் பார்த்தபோது, பாவம், வீட்டில் ஏதோ தகராறு போலிருக்கிறது என்றுதான் எண்ணினேன். எங்கள் பட்டறையிலும் அதே வழக்கம் உண்டு என்பது பிறகு தெரிந்தது. வெல்டிங் தொடங்குமுன் கேஸ் வால்வைச் சுட்டி "யோஷி", தரையில் கிடக்கும் கேபிளைச் சுட்டி "யோஷி", அதாவது 'சரி' என்று நானும் தினமும் கத்துகிறேன். கண்ணும் கையும் வாயும் ஒரே இடத்தில் நின்றால் மனம் வேறெங்கும் ஓடாது என்பதுதான் இதன் சூட்சுமம். 1994-இல் இங்குள்ள ரயில் ஆராய்ச்சி நிலையம் நடத்திய சோதனையில், இப்படிச் சுட்டிச் சொன்னவர்கள் செய்த தவறு ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது என்று மேஸ்திரி பாடம் எடுத்தார். படத்தில் ஓட்டுநர் சிக்னலைச் சுட்டுகிறார், மணியைச் சுட்டுகிறார், கடைசிக் கட்டத்தில் திரும்பி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் என்னைச் சுட்டி "ராயபுரத்து ஆள், யோஷி!" என்கிறார். மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரயில் என்றதும் இன்னொன்று. நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856-இல். இந்த நாட்டில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் பாதை திறந்தது 1872-இல். பதினாறு வருடம் எங்கள் பேட்டை மூத்தது என்று மேஸ்திரியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, அப்படியானால் உங்கள் ஊர் ரயில் இன்னும் நேரத்தோடு வரும் அல்லவா என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த மேஸ்திரியால்தான் எனக்கு ஒரு பழைய கதை கிடைத்தது. ஒருநாள் இரும்புத் தாங்கி ஒன்றில் விரிசல் விட்டிருந்ததை எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் விளக்கத் திணறியபோது, அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்து "பொன்ச்சி-எ" போட்டுக் காட்டு என்றார். 'எ' என்றால் படம் என்று தெரியும், 'பொன்ச்சி' தெரியவில்லை. பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் அவசரத்துக்குப் போடும் கைப்படத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். தேடிப் பார்த்தால் அது லண்டனின் 'பஞ்ச்' என்ற கேலிப் பத்திரிகையின் பெயர், ஜப்பானிய வாயில் புகுந்து வந்தது. சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் லண்டன் படப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்திப் படம் வரைந்து அனுப்புவதற்காக 1861-இல் ஜப்பானுக்கு வந்தார். மறுவருடமே இதே யோகோஹாமாவில் 'ஜப்பான் பஞ்ச்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்; அது 1887 வரை நடந்தது. அதில் அவர் கிண்டல் செய்தது பெரும்பாலும் ஜப்பானியர்களை அல்ல. துறைமுகத்தில் கடை விரித்து உட்கார்ந்திருந்த தம் சொந்த ஆட்களான வெள்ளைக்கார வியாபாரிகளையும் அதிகாரிகளையும்தான். 1891-இல் இங்கேயே இறந்தார். யமாதே குன்றின்மேல் இருக்கும் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குன்றில் ஏறிப் போய், வேலிக்கு வெளியே நின்று ஒரு பொன்ச்சி-எ போட்டேன். பத்தொன்பதாவது மடிப்பு. சிலுவைகளுக்கு நடுவே குடை பிடித்து நிற்பது நான்.

அவருக்குப் பின்னால் ஜார்ஜ் பிகோ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து, 1887-இல் தாமும் ஒரு கேலிப் பத்திரிகை நடத்தினார். அவர் போட்ட ஒரு படத்தைப் பார்த்தால் நம் காசிமேட்டு மீன்காரர்கள் விட மாட்டார்கள். ஜப்பானும் சீனாவும் எதிரெதிரே உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். தண்ணீரில் இருக்கும் ஒரே மீன் கொரியா. மேலே பாலத்தில் ரஷ்யா, இவர்கள் பிடிக்கட்டும் என்று காத்து நிற்கிறது. விடியற்காலை ஏலத்தில் ஒரு வஞ்சிரத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நிற்க, மூன்றாமவர் சத்தமில்லாமல் கூடையில் போட்டுக்கொண்டு போவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். நம் ஊரில் பாரதியார் 'இந்தியா' வார இதழில் இப்படி அரசியல் கேலிப்படம் போடத் தொடங்கியது இதற்கு ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 1906-இல்தான்.

என் முதல் பன்னிரண்டு மடிப்புகளைப் பார்த்தால் நான் எங்குமே இருக்க மாட்டேன். தூங்குகிறவர், போனில் பேசிக்கொண்டே காற்றுக்குக் குனிந்து கும்பிடு போடுகிறவர், தலைக்கவசத்தோடு காலையில் வானொலி இசைக்குக் கை கால் ஆட்டும் எங்கள் பட்டறைக்காரர்கள் என்று எல்லாமே மற்றவர்கள்தான். மேஸ்திரி அவற்றைப் புரட்டிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றார். சிரிக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தது பதிமூன்றாவது மடிப்பைப் பார்த்துத்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பட்டறையில் உடன் வேலை செய்யும் ஒருவருக்குக் கல்யாணம். இங்கேயும் மொய் உண்டு. நாம் நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுபோல, இவர்களும் இரண்டாகப் பிரிக்க முடியாத கணக்கில்தான் வைப்பார்கள். சக ஊழியர் என்றால் பெரும்பாலும் முப்பதாயிரம் யென், அதாவது மூன்று பத்தாயிரம் யென் நோட்டு, அதுவும் கசங்காத புது நோட்டாக. சிவப்பும் வெள்ளையுமாக முறுக்குக் கயிறு கட்டிய உறையை வாங்கினேன். உறையின் மேல் பெயரைத் தூரிகை எழுத்தில் எழுதுவதுதான் மரியாதை என்பதால் ஒரு தூரிகைப் பேனாவும் வாங்கினேன். கறுப்பு, சாம்பல் என்று இரண்டு நிறம் இருந்தன. சாம்பல் நிறம் பார்வைக்கு அடக்கமாக, நீங்கள் எழுத்துக்குப் பின்னால் கொடுக்கும் ஷேடு போல இருந்ததால் அதையே எடுத்தேன். நீங்கள் சொல்லித் தந்தபடி மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் கோடு இழுத்து, என் பெயரை அத்தனை அழகாக நான் அதுவரை எழுதியதில்லை.

என்னை அழைத்துப் போக வந்த மேஸ்திரி உறையைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "யார் இறந்துவிட்டார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். சாம்பல் மை சாவு வீட்டுக்கு மட்டும்தானாம். மையைக் குழைக்கும்போது கண்ணீர் விழுந்து நிறம் வெளுத்துவிட்டது என்பது அதன் பொருள். நம் ஊரில் கருமாதிப் பத்திரிகைக்கு மூலையில் கறுப்புத் தடவுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கல்யாண மொய்க் கவரின் நாலு மூலையிலும் கரி பூசிக்கொண்டு கிளம்பியிருந்தேன். வழியில் புது உறையும் கறுப்புப் பேனாவும் வாங்கி, ஓடுகிற ரயிலில் அவர் உறையைப் பிடித்துக்கொள்ள நான் எழுதினேன். எழுத்து கோணல்தான். பதிமூன்றாவது மடிப்பில் மணமக்கள் சிரித்துக்கொண்டு நிற்க, வாசலில் நான் கண்ணீரும் கம்பலையுமாக மாலையோடு வருகிறேன். அன்றிலிருந்து எந்தப் படம் போட்டாலும் ஓரத்திலாவது லுங்கி கட்டிய என்னைச் சேர்த்துவிடுகிறேன்.

ராமென் என்ற நூடுல்ஸ் விற்கும் கடைப் படமும் அப்படித்தான். ஊரே சர்சர்ரென்று சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடுகிறது, அதுதான் இங்கே மரியாதை. பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில் அத்தோ தின்று வளர்ந்த எனக்கு நூடுல்ஸ் புதிதல்ல. ஆனாலும் கையை எடுத்துத் தட்டில் விடப்போய், பக்கத்தில் இருந்தவர் மரக்குச்சியை நீட்டுவதுபோல் வரைந்திருக்கிறேன்.

இனி நான் கேட்க வந்தது. இந்தப் புத்தகத்தை முழுதும் விரித்தால் நம் வீட்டுத் திண்ணையைவிட நீளமாக வரும். முன்பக்கம் முழுவதும் யோகோஹாமா. பின்பக்கத்தில் நான் ஒரு கோடும் போடவில்லை, அது உங்களுக்கு. பிளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டீர்கள். முன்பெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்னால் சந்தையில் பேரம் பேசுகிறவர்களையும், தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்துச் சண்டை போடுகிறவர்களையும், கேரம் போர்டைச் சுற்றி முட்டிக்கொண்டு நிற்கும் தலைகளையும் வரைந்து எங்களைச் சிரிக்க வைப்பீர்கள். அவற்றை இதில் போடுங்கள். எனாமலும் போஸ்டர் கலரும் வேண்டாம், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போன மழையில் என் முதல் நோட்டுப் புத்தகத்தின் ஜெல் பேனா மை முழுவதும் கரைந்து, எல்லோருக்கும் தாடி முளைத்துவிட்டது. அதனால் நனைந்தாலும் கரையாத மைப் பேனா ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வரைந்து முடித்ததும் தங்கச்சியிடம் கொடுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுவாள்.

அந்தப் பேனாவுக்கு இரண்டு முனை. ஒன்று கறுப்பு, மற்றது அதே சாம்பல். நிழலுக்கும் புகைக்கும் சாம்பல் நன்றாக இருக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். பார்சலின் மேல் என் பெயரை எழுதும்போது மட்டும் மறக்காமல் கறுப்பு முனையைத் திறவுங்கள், நைனா, மேஸ்திரி பயந்துவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.