பல்பைக்கூட எரியவிட்டுக் காட்டித்தானே தருகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் 31 ஆண்டுகளாக ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிகள் திறக்கும் நேரம் என்பதால், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகும் பெற்றோர்களுக்கும் அதை விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தங்கை தையல் வேலை செய்பவள். சீட்டு எடுத்த பணத்தில் 34 ஆயிரம் ரூபாயை மகள் கையில் கொடுத்தாள். பெண் மன்னை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் எல்லாப் பாகங்களையும் தனித்தனியாக வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் (ரைசன் 5 5600ஜி), எல்லாப் பாகங்களையும் மாட்டும் மதர்போர்டு (பி450 வகை), வேலை செய்யும்போது பயன்படும் நினைவகமான 8 ஜிபி ராம் இரண்டு, தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர். இந்த போர்டுக்கு இந்த பிராசஸர் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். "கண்ணை மூடிக்கிட்டு மாட்டும்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன். "மாமா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல நோ சிக்னல்னே வருது." குரல் உடைந்திருந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் கரண்ட். 24 பின் கேபிளில் மஞ்சள் ஒயரில் 12.08 வோல்ட், சிவப்பில் 5.02, ஆரஞ்சில் 3.3 இருந்தது. பவர் சப்ளைமேல் குற்றமில்லை. பிராசஸருக்கென்று தனியாகப் போகும் 8 பின் கேபிளையும் சரியாகவே செருகியிருந்தாள். பலர் அதைத்தான் மறந்துவிடுவார்கள். மானிட்டரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் செட்டாப் பாக்ஸில் போட்டுப் பார்த்தேன், படம் வந்தது. ராமைக் கழற்றி ஒன்றை மட்டும் போட்டு, அப்புறம் இடம் மாற்றிப் போட்டு, அப்புறம் இன்னொன்றைப் போட்டுப் பார்த்தோம். பழைய செட்டிங் அழியட்டும் என்று போர்டிலுள்ள பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்துத் திரும்பப் போட்டோம். போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்தபோது, போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டட் ஒன்று தேவையில்லாத இடத்தில் நிற்பதைக் கண்டேன். ஷார்ட் ஆகியிருக்கிறது, பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதை எடுத்துவிட்டு, போர்டை அட்டைப்பெட்டிமேல் வைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பவர் பின் இரண்டையும் தொட்டு ஆன் செய்தேன். மறுபடியும் ஃபேன்தான் சுற்றியது.

மறுநாள் காலையில் அவள் கடைக்கு போன் செய்தாள். போர்டைப் பார்க்காமலேயே பதில் வந்தது: "நீ மாட்டும்போது பிராசஸர் பின்னை வளைச்சிருப்பே. பிசிக்கல் டேமேஜுக்கு வாரண்டி கிடையாதும்மா." போனை வைத்துவிட்டு அவள் சமையல்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாள். அம்மா பணத்தைத் தானே நாசமாக்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். நான் இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணமே அந்த அழுகைதான்.

பிராசஸரைக் கழற்றிச் சால்டரிங் செய்யும் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். அதில் 1331 பின்கள். நேர் மேலிருந்து பார்த்தால் வளைவு தெரியாது. கண் மட்டத்தில் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி ஒவ்வொரு வரிசையும் நேராக இருந்தது. ஒரு பின்கூடச் சாயவில்லை.

என் கடையில் கிடந்த ஒரு சின்ன பஸ்ஸரை போர்டின் ஸ்பீக்கர் பின்னில் மாட்டி, ராம் இரண்டையும் எடுத்துவிட்டு ஆன் செய்தேன். ராம் இல்லாவிட்டால் போர்டு பீப் பீப் என்று கத்த வேண்டும். சத்தமே இல்லை. பிராசஸர் வேலையையே ஆரம்பிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்று போர்டு செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த போர்டுக்கு இந்த பிராசஸரை அடையாளம் தெரியவில்லை.

விடை போர்டு வந்த பெட்டியின்மேலேயே ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஸ்டிக்கர்: "ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி". இவள் வாங்கியது 5000 வரிசை. பி450 போர்டுகள் சந்தைக்கு வந்தது 2018-இல். 5600ஜி வந்தது 2021-இல். போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருள்தான் பிராசஸரை முதலில் எழுப்பிவிடுகிறது. பிராசஸருக்கு முன்பே எழுதப்பட்ட பயாஸ் அதை எப்படி எழுப்பும்? ரைசன் பிராசஸர்களைத் தயாரிக்கும் ஏ.எம்.டி. நிறுவனமே 2020 மே மாதம், இந்தப் பழைய போர்டுகளில் அடுத்த தலைமுறை பிராசஸர் வேலை செய்யாது என்று முதலில் அறிவித்தது. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. அதற்கான பயாஸ் அதற்கப்புறம் வந்ததுதான். போர்டிலும் பழுதில்லை, பிராசஸரிலும் பழுதில்லை. போர்டுப் பெட்டி அந்தக் கடையின் அலமாரியில் நெடுநாள் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சில போர்டுகளில் பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது. இந்த விலைக்கு வரும் போர்டில் அது இல்லை. பழைய பிராசஸர் ஒன்றைப் போட்டு எழுப்பித்தான் மாற்ற முடியும். எனக்குத் தெரிந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஆல்பம் டிசைன் செய்யும் மெஷினில் ரைசன் 3 2200ஜி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கேயே போனோம். அங்கே யூ.பி.எஸ். இருந்தது. பயாஸ் ஏறும்போது பாதியில் கரண்ட் போனால், நல்ல போர்டே நிஜமாகச் செத்துவிடும்.

அவர் மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் சூடாகி இளகியதும் நிறுத்தி, கூலரை லேசாக இடமும் வலமும் திருகி எடுத்தேன். இதைக் கழற்றப்போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பேஸ்ட் இறுகிய நிலையில் நேராக மேலே இழுத்தால் கூலரோடு பிராசஸரும் பிய்த்துக்கொண்டு வரும், பின் வளைவது அப்போதுதான். பழைய பிராசஸரை எங்கள் போர்டில் வைத்து ஆன் செய்ததும் படம் வந்தது. அந்த போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் சொல்லியிருந்தபடி முதலில் பயாஸின் ஓர் இடைப்பட்ட பதிப்பையும், அப்புறம் கடைசிப் பதிப்பையும் ஏற்றினோம். திரையில் அந்தக் கோடு நகர்ந்து முடியும்வரை ஸ்டுடியோவில் யாரும் பேசவில்லை. பிறகு 5600ஜியைப் போட்டோம். புது பிராசஸர் மாட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது. அதை அவள் சத்தமாக இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டாள்.

கடையில் வரிசையாக பிராசஸர் அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது அரை மணி நேர வேலை. அவர்களைத்தான் கேட்கிறேன். ஊரில் குண்டு பல்பு வாங்கினாலே ஹோல்டரில் போட்டு எரியவிட்டுக் காட்டிய பிறகுதானே தாளில் சுற்றித் தருகிறோம்? 34 ஆயிரத்துக்கு விற்கும் பொருளை ஒரு தடவை மேஜைமேல் வைத்து எழுப்பிக் காட்டக் கூடாதா? அதற்கு 300 ரூபாய் கூலி கேட்டாலும் ஜனங்கள் கொடுப்பார்கள். நேரமில்லை என்றால், இன்ன பிராசஸருக்குத் தயாரான போர்டு என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். 2018-இல் இதே சிக்கல் வேறு பிராசஸர்களில் வந்தபோது, ஏ.எம்.டி. நிறுவனமே வாங்கியவர்களுக்கு ஒரு பிராசஸரைக் கடனாக அனுப்பி வைத்தது. செய்த நிறுவனமே ஒத்துக்கொண்ட சிக்கலை, பத்தொன்பது வயசுப் பெண்ணின் விரல்மேல் தூக்கிப் போடுவது அநியாயம்.

வாங்குகிறவர்களும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் பிறகு எதைக் காட்டிப் பேசுவது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கள் பில்லில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சடித்திருந்தது. பாவம், அந்த ஒரு வரிக்கே பயந்து அவள் மறுபடி கடைக்கு போன் செய்யவில்லை.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் போர்டோடு வந்த கையேட்டில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் கால் பக்கம் ஒதுக்கி, கம்ப்யூட்டர் எழும்பாவிட்டால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்று நல்ல தமிழில் எழுதச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் எனக்குத் தெரிந்தவரை நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அவள் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறார்களாம். பணம் கொடுப்பதற்கு முன்னால் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டி.வி. மெக்கானிக்,
மன்னார்குடி.