ராபின் சிங் அரைகுறை ஆல்ரவுண்டரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இந்திய ஆல்ரவுண்டர்கள் கட்டுரையில் கபில்தேவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், நியாயம்தான். நம் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய ராபின் சிங்குக்கு ஒரே வரி. அதிலும் 'அரைகுறை ஆல்ரவுண்டர்' என்ற பட்டம். சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன் நான். படித்ததும் உறுத்தியது.

கட்டுரையாளர் எண்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். 136 ஒருநாள் போட்டி, 2,336 ரன், சராசரி 25.95, விக்கெட் 69. சரி, பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். அவர் பந்துவீச்சைப் பார்த்து யாரும் நடுங்கியதும் இல்லை. ஆனால் பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது ஆளாக, சில ஓவர்களே மிச்சமிருக்கும்போது மட்டையோடு வந்தவரிடம் சராசரியைக் கேட்டால் எப்படி?

மட்டை வரிசையில் மேலே அனுப்பிய நாளில் என்ன செய்தார் என்று பாருங்கள். 1998 ஜனவரி 18, டாக்கா. பாகிஸ்தான் 48 ஓவரில் 314. அந்தக் காலத்தில் அதைத் துரத்திப் பிடிக்க முடியும் என்று யாரும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் டி.வி. முன்னாலிருந்து எழுந்தே போய்விட்டார்கள். மூன்றாவது ஆளாக ராபின் வந்தார். கங்குலியோடு சேர்ந்து 179 ரன். அதில் அவர் பங்கு 82. கடைசியில் கனித்கர் அடித்து நம்மை ஜெயிக்க வைத்த பவுண்டரிதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை ஆட்டத்தை இழுத்து வந்தவர்களில் ஒருவருக்கு அப்போது வயது 34!

டிரினிடாடில் பிறந்து, 1984இல் சென்னைக்கு வந்து, 1987-88இல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாடு அணியில் ஆடியவர். 1989இல் மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டே ஒருநாள் போட்டி, அப்புறம் ஏழு ஆண்டு யாரும் கூப்பிடவில்லை. மற்றவர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் திரும்பி வந்தார். 1997 ஆகஸ்டில் கொழும்பில், அன்றைய உலக சாம்பியன் இலங்கைக்கு எதிராக, நான்கு விக்கெட் போன பிறகு அசாருதீனோடு நின்று சதம் அடித்தார். இரண்டே ரன்னில் தோற்றோம். அதே இலங்கையிடம் அந்த டிசம்பரில் குவாஹாட்டியில் 22 ரன்னுக்கு 5 விக்கெட், 1999 உலகக் கோப்பையில் டான்டனில் 31 ரன்னுக்கு 5.

ஃபீல்டிங்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. குனிந்து பந்தை எடுக்கவே யோசிக்கும் ஆட்கள் இருந்த அணியில், தரையில் பாய்ந்து விழுந்து தடுத்தவர். பின்னாளில் இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராகவும் அவரைத்தான் வைத்தார்கள். 2007இல் டி20 உலகக் கோப்பை வென்றபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த அட்டவணையில், அவர் பெயருக்கு நேரே டெஸ்ட் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். 1998 அக்டோபரில் ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிராக அவர் ஒரு டெஸ்ட் ஆடியிருக்கிறார். அந்த ஒன்றையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி வாசகர்