கடைத் திருட்டு: மதுரை விளக்குத்தூண் பகுதி வியாபாரிகள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்ட நிலையில், விளக்குத்தூண், கீழமாசி வீதிக் கடைகளில் திருட்டு கூடிவருவது மிகுந்த கவலை தருகிறது. சென்ற வாரம் என் கடைக்கு வந்த இருவர், ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுச்சேலைகளை விரிக்கச் சொல்லி, விற்பனைப் பெண் மேல்தட்டுப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒன்றைப் பைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். இரவு அடுக்கும்போது வெறும் அட்டைப்பெட்டியும் பிய்த்துப் போட்ட விலைச்சீட்டும்தான் கிடைத்தன. அதற்காக அந்தப் பெண்ணின் சம்பளத்தில் நான் பிடிக்கவில்லை. நீங்களும் பிடிக்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் மூன்று சேலைகளுக்கு மேல் விரிக்காமல், பார்த்ததை மடித்த பிறகே அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். கேமரா திரையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வையுங்கள். கல்லாவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் திரை, பொருள் போன பிறகுதான் உதவும். உள்ளே வருபவரை முகம் பார்த்து வரவேற்பதே திருட வந்தவரை அதிகம் தயங்க வைக்கிறது என்பது என் அனுபவம்.

பிடிபட்டவரை அடிப்பதும், படமெடுத்துக் குழுவில் பகிர்வதும் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு, ரூ.5,000க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பித் தந்தால் சமூக சேவையையே தண்டனையாக விதிக்கிறது. கேமரா பதிவை அழிக்காமல் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.