தம்பி கிழிக்கவில்லை, டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான் யாருடைய அப்பா என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கு நோட்டு என்றாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. போன வாரம் என் மகளுடைய அலமாரியைக் காலி செய்தோம். பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டை மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நானும் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு எழுதத் தொடங்கியதுதான் இது.

தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் வந்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று நான் பொய் சொன்னது நாலு பேர் காதில் விழும்படி. உண்மையைச் சொல்லும்போது மட்டும் தனியறை கேட்பது நியாயமில்லை என்று தோன்றியது. அதற்காக எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட முடியாது. உங்கள் பெயரோ, பள்ளியின் பெயரோ, அவள் பெயரோ இதில் வராது. வேறு சில விஷயங்களும் வராது. அவளுக்கு இப்போது பத்து வயது. நான் எழுதுவதையெல்லாம் படித்துவிடுகிறாள்.

அன்றைய வீட்டுப்பாடம் பின்னங்கள். 1/4, 1/8, 1/3, 1/6 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுத வேண்டும். அவள் 1/3, 1/4, 1/6, 1/8 என்று எழுதியிருந்தாள். தப்பு என்றேன். அழித்துவிட்டுத் திரும்பவும் அதையே எழுதினாள். "எட்டுதானே அப்பா பெரிசு?" என்றாள். ஒரு தாளை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. குரலை உயர்த்தினேன். மூன்றாவது முறையும் அதே வரிசை. மூன்றாம் வகுப்பு வரை கணக்கில் ஒரு மதிப்பெண் குறையாத பிள்ளை. அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நோட்டை என் பக்கம் இழுத்தேன், பக்கம் கையோடு வந்துவிட்டது என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கிழித்தேன். மேலிருந்து கீழ் வரை, நேராக. பாதி நோட்டிலேயே நின்றது, பாதி என் கையில் இருந்தது. அவள் அழவில்லை. என் கையிலிருந்த பாதியை வாங்கி, நோட்டில் மிச்சமிருந்த பாதியோடு விளிம்பு சேர வைத்துப் பார்த்தாள். அப்புறம் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மணி அப்போது பத்தரை. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். காலையில் ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளையைப் பத்தரை மணிக்கு உட்கார்த்திவைத்து, எட்டு பெரிதா நாலு பெரிதா என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் வேலை முடிந்து வந்ததே ஒன்பது மணிக்கு. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சரி, காரணமாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் கூட்டம். உங்கள் மேசையில் அந்தப் பக்கம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. கிழிசல் நெடுக டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் மேலேயே சிவப்பு மையில் திருத்தியிருந்தீர்கள். வழவழப்பில் மை பிடிக்காததால், அதே கோட்டை இரண்டு மூன்று முறை இழுத்திருந்தது தெரிந்தது. நான்கு பின்னங்களுக்குக் கீழே நான்கு பட்டைகள் வரைந்து, மூன்றாகவும் நாலாகவும் ஆறாகவும் எட்டாகவும் பிரித்திருந்தீர்கள். மதிப்பெண் போடவில்லை.

"இது எப்படிக் கிழிஞ்சுது?" என்று கேட்டீர்கள்.

"தம்பி கிழிச்சிட்டான் டீச்சர். சின்னப் பையன்."

அவனுக்கு அப்போது இரண்டு வயது. இரண்டு வயதுக் குழந்தை அவ்வளவு நேராகக் கிழிக்காது. அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. என் விரலைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது அதுதான். கிழித்தது கூட இல்லை.

நீங்கள் "சரி" என்றீர்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்ல யாராவது உக்காந்து பாக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். என் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. டீச்சர், அதை நீங்கள் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அடுத்த வாரம் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அங்கே உங்களைப் பற்றி என்ன சொன்னேன் என்பது உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதைத் திரும்ப இங்கே எழுதி இன்னொரு முறை உங்களை நோகடிக்கப்போவதில்லை. நான் சொன்னது பொய். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் உங்களிடம் கேட்கவும் எனக்கு ஒன்று இருக்கிறது.

"எட்டுதானே பெரிசு" என்பது அடமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது வரைக்கும் அவள் பார்த்த எண்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எட்டு நாலைவிடப் பெரியது. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். பின்னம் வந்ததும் அந்தச் சட்டம் செல்லாது. பகுதி, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண், பெரிதானால் துண்டு சின்னதாகிறது. எட்டை அரையால் பெருக்கினால் நாலு வருகிறது, அரையால் வகுத்தால் பதினாறு வருகிறது. நேற்று வரை சரியாக இருந்ததை நம்பியதற்காகத்தான் அவள் திட்டு வாங்கினாள். மிகப் பல பிள்ளைகள் இந்த வயதில் இதே இடத்தில் தடுக்குகிறார்கள். உங்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. வருடா வருடம் நாற்பது பிள்ளைகளிடம் பார்த்திருப்பீர்கள். வருடத் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே? "இந்த வருடம் பின்னம் வரும், பிள்ளைகள் குழம்புவார்கள், அது இயல்பு." அவ்வளவுதான். எங்களுக்கு வந்தது சீருடை விதிகளும் அட்டை போட வேண்டிய நிறமும். அப்புறம் மதிப்பெண் அட்டையில், "திறமை உண்டு, கவனம் தேவை." நான் படித்த காலத்திலும் இதே வரிதான். எத்தனை தலைமுறைக்கு ஒரே வரியை எழுதுவீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

ராபர்ட் சீக்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுப் பிள்ளைகளின் தரவுகளையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு பிடிபட்டிருக்கின்றன என்பதை வைத்து, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளை கணக்கில் எப்படி இருக்கும் என்பதைக் கணிக்க முடிந்ததாம். குடும்ப வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும். படித்ததும் பயம்தான் வந்தது. சாதாரணப் பக்கத்தையா கிழித்திருக்கிறேன்!

படிப்பதும் அப்படித்தான் ஆனது. கதைப் புத்தகத்தை மூச்சு விடாமல் வாசிக்கிறவள் அறிவியல் பாடத்தைத் திக்காமல் வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் விழித்தாள். ஆவியாதல், ஒடுக்கம், வளிமண்டலம். வாய்க்குள் வந்த சொற்கள் மண்டைக்குள் போகவில்லை. 1983இலேயே ஜீன் சால் என்ற ஆய்வாளர் வாசிப்பைப் படிநிலைகளாகப் பிரித்து விளக்கியிருக்கிறார். முதல் சில வருடங்கள் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்பது வயதை ஒட்டி அது தலைகீழாகிறது: கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. பேச்சில் ஒருபோதும் வராத சொற்கள் வரிக்கு இரண்டு என்று வருகின்றன. அது வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சில பிள்ளைகள் சரியாக இங்கே வந்து நிற்கிறார்கள்.

இதில் உங்களைக் குறை சொல்ல முடியாது. டைரியில் எழுதி அனுப்பினீர்கள்: தினமும் ஒரே ஒரு பத்தி, புத்தகத்தை மூடிவிட்டு, அவள் சொந்தப் பேச்சில் தம்பிக்குச் சொல்லட்டும். தம்பிக்கு என்று எழுதினீர்களே. அவனுக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் மேகம் எப்படி உண்டாகிறது என்பதைக் கையை ஆட்டி ஆட்டி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாள்.

மூன்று தோழிகள் இரண்டும் ஒன்றுமாக ஆன கதை உங்களுக்கே நன்றாகத் தெரியும். நீங்கள் இடத்தை மாற்றி உட்கார்த்தியதைத் தண்டனை என்று வீட்டில் வந்து அழுதாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதற்கு மேல் இங்கே வேண்டாம், அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும்.

இன்னொன்றையும் பாதிதான் எழுத முடியும். அவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினீர்கள். பெண் பிள்ளைகளுக்கு உடல் மாற்றங்கள் 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் என்பதை நான் அதற்குப் பிறகு மருத்துவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அது வரை அதெல்லாம் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு விவகாரம் என்று இருந்தேன். காரணமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எதற்கெடுத்தாலும் கண்ணீர் வருகிறது என்று எரிச்சல்பட்டேன். அந்தப் பேச்சுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கலாம், டீச்சர். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

அப்புறம், "புத்திசாலி." அந்தச் சொல்லை வீட்டில் நிறுத்துங்கள் என்று ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் சொன்னீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் புகழ்வதில் என்ன குற்றம்? கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படித்தேன், நீங்கள் சொன்னது தப்பு என்று காட்டத்தான். அதுவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்ததுதான். புதிர்களை முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து எல்லோருக்கும் கடினமான புதிர்கள். அதில் தோற்ற பிறகு, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்த சுற்றில் இன்னும் சறுக்கினார்கள். அதோடு, தாங்கள் எத்தனை சரியாகச் செய்தோம் என்று முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சின்ன வயதில் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பு பரவாயில்லை. நீள் வகுத்தலைத் தானே போட்டாள், மீதி வந்தால் பயப்படவில்லை. மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, இரண்டு வாரம் மறந்தாள், மூன்றாவது வாரத்திலிருந்து முந்தின இரவே பையை எடுத்து வைத்தாள். இரண்டு வாரமும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றியது, அவளுக்குத் தெரியாமல் போடக் கூடாது. இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். டேப் பற்றிய பத்தியில் மறுபடி விரலை வைத்தாள்.

"இத நான் ஒட்டினேன்னு நெனச்சீங்களா?"

வேறு யார் என்றேன்.

"டீச்சர்தான். காலைல போன உடனே கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் அவங்க டேப் எடுத்துட்டு வந்தாங்க. நான் பிடிச்சுக்கிட்டேன், அவங்க ஒட்டினாங்க."

"சொன்னேன்னா, என்ன சொன்னே?"

"அப்பா கிழிச்சாருன்னு."

ஆக, கூட்டத்தன்று உங்களுக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரில் நான் ஒருவன்தான் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டு எதற்கு டீச்சர் கேட்டீர்கள்? நானாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களா? என்னைப் பார்க்க வைக்கவா, அவளைப் பார்க்க வைக்கவா? தலைமையாசிரியர் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் அன்றே வாயை மூடியிருப்பேன். அங்கேயும் நீங்கள் சொல்லவில்லை.

மேலே எழுதிய எதையும் மாற்றவில்லை. இரண்டு வருடமாக நான் நினைத்திருந்தது அப்படித்தான், அப்படியே இருக்கட்டும்.

புதிய பள்ளி திங்கட்கிழமை தொடங்குகிறது. டேப் மஞ்சளாகி ஓரத்தில் பிரிந்திருக்கிறது. வேறு ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படிக்கு,
அவள் அப்பா