அந்த விமானம் எங்கே நின்றது என்று ஏன் எழுதவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையை நான் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். தலையங்கம், அரசியல் கட்டுரை எல்லாம் அப்புறம், முதலில் துணுக்குகள். அதனால் விடுமுறைச் சிறப்பிதழில் துணுக்குகளுக்கென்றே முழுசாக இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்ததைப் பார்த்ததும் மற்ற வேலைகளை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்தபோது ஒரு குறை. பெரிய குறை இல்லைதான், ஆனால் நாலு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

"விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்கு பாராசூட்டால் பயனில்லை: ஆய்வில் தகவல்" என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். இரண்டே வரி. ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "நிஜமாவா சித்தி?" என்று கேட்டான்.

ஆய்வு நிஜம்தான். 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 23 பேரைப் பிடித்து, 12 பேர் முதுகில் பாராசூட்டையும் 11 பேர் முதுகில் காலிப் பையையும் மாட்டி, விமானத்திலிருந்து குதிக்க வைத்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, பெரிய காயம் இல்லை, இரண்டு குழுவுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இதோடு நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது என்பதையும், குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர், அதாவது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, என்பதையும் விட்டுவிட்டீர்களே! பறந்துகொண்டிருந்த விமானங்களில் பக்கத்து இருக்கைக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 9,000 மீட்டருக்கு மேலே, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலிப் பையோடு குதிக்க யார் சம்மதிப்பார்கள்? அந்த ஆய்வாளர்கள் சொல்ல வந்ததே, ஒரு ஆய்வை யாரை வைத்து, எந்த நிலைமையில் செய்தார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஏமாறுவோம் என்பதைத்தான். நீங்கள் அதில் முடிவை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஜர்னல் 1982 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இப்படிக் குறும்பான ஆய்வுகளைத் தனி இதழாகப் போடுகிறது. விஷயம்தான் விளையாட்டு, கணக்கு வழக்கெல்லாம் கறார். அதனால்தான் சொல்கிறேன், இந்தமாதிரி ஆய்வில் கண்டுபிடித்ததைவிடக் கண்டுபிடித்த விதத்தில்தான் சுவை இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் சிரிப்பும் போய்விடுகிறது, செய்தியும் தப்பாகிவிடுகிறது.

"அலுவலகங்களில் ஸ்பூன்கள் காணாமல் போகின்றன" என்று ஒரு துணுக்கு. இதைச் சொல்ல ஆய்வு எதற்கு, எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே! ஆனால் மெல்போர்னில் உள்ள பர்னெட் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் அதைச் செய்த விதம் இருக்கிறதே. தங்கள் அலுவலகத்துக்கே 70 டீ ஸ்பூன் வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றிலும் எண் போட்டு, தேநீர் அறைகளில் வைத்துவிட்டு, ஐந்து மாதம் ஒன்றும் தெரியாதவர்கள்போல எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 56 போய்விட்டது. கதிரியக்கப் பொருளுக்குச் சொல்வதைப்போல ஸ்பூனுக்கும் 'அரை ஆயுள்' கணக்கிட்டார்கள்: 81 நாள், அதற்குள் பாதி காலி. எல்லாரும் வந்துபோகும் பொது அறையில் 42 நாள்தான், ஒரு பிரிவினர் மட்டும் புழங்கும் அறையில் 77 நாள் தாங்கியது. ஸ்பூன் மலிவானதா உயர்ந்ததா என்பது பற்றி எடுத்தவர்கள் கவலைப்படவே இல்லை. எப்போதும் 70 ஸ்பூன் இருக்கவேண்டுமானால் வருஷத்துக்கு 250 வாங்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள். 2005-இல் வந்தது இது. இதைப் படித்த பிறகு நான் எங்கள் அலுவலகத்தில் ரகசியமாக எண்ண ஆரம்பித்து, மூன்றாம் வாரம் என் கைப்பைக்குள்ளேயே ஒன்றைக் கண்டெடுத்தேன். எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

அப்புறம் அந்த முடிச்சு விஷயம். "கயிறுகள் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தீர்கள். போன வாரம் நானே தரையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சீரியல் விளக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் நன்றாகச் சுருட்டித்தான் பெட்டியில் வைத்தேன், நடுவில் யாரும் தொடவில்லை, பெட்டி மட்டும் அலமாரியிலிருந்து பரணுக்கும் பரணிலிருந்து கட்டிலடிக்கும் இடம் மாறியது. பிளக் இருக்கும் முனை மூன்று வளையத்துக்குள் புகுந்து, நாலாவதற்கு அடியில் போய், ஒரு பல்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. பேய் பிடித்ததைப்போல எப்படி இது என்றால், அதற்குப் பதில் அந்த ஆய்விலேயே இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ரேமர், ஸ்மித் என்ற இரண்டு பேர் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு, பெட்டியைச் சுழற்றி, திறந்து பார்த்து, மறுபடி போட்டு, இப்படி 3,415 தடவை செய்தார்கள். பெட்டிக்குள் கயிறு சுருள் சுருளாகக் கிடக்கிறது, குலுங்கும்போது தளர்வாக இருக்கும் முனை பின்னல் போடுவதுபோல அந்தச் சுருள்களுக்கு மேலும் கீழும் நுழைந்து வந்துவிடுகிறது, அவ்வளவுதான். 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சே விழவில்லை. 2007-இல் வெளிவந்து மறு வருஷமே, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை வாங்கியது. இந்த நாலு வரியைப் போட்டிருந்தால், முனையை ஓர் அட்டையில் கட்டிவைத்தால் போதும் என்று எத்தனை வாசகர்கள் தப்பித்திருப்பார்கள்!

பரிசு விஷயத்தில் உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபமே உண்டு. "அலங்கோலமாகச் சுற்றிய பரிசுதான் அதிகம் பிடிக்கும்" என்று போட்டீர்கள். என் வீட்டுக்காரர் அதை வெட்டி எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அவர் பரிசு சுற்றினால் செல்லோடேப் மட்டுமே கால் கிலோ இருக்கும். நெவாடா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த அந்த ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறதே! கூடைப்பந்து அணியின் படம் போட்ட காபிக் கோப்பைகளை வைத்துப் பார்த்தபோது, நெருங்கிய நண்பர் தந்தால்தான் அப்படி: பொட்டலத்தைப் பார்த்ததும் எதிர்பார்ப்பு குறைந்துவிடுகிறது, பிரித்தால் பரவாயில்லையே என்று தோன்றுகிறது. அதிகம் பழக்கமில்லாதவர் தந்தால் நேர்மாறு, நேர்த்தியாகச் சுற்றியதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் நம்மை எவ்வளவு மதிக்கிறார் என்பதற்கு வேறு அடையாளம் இல்லை. நீங்கள் போட்ட பாதியை மட்டும் நம்பி அவர் தன் மேலதிகாரிக்கு ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறார். நான் பார்த்தேன். தலையணை மாதிரி இருந்தது.

உடல் எடை பற்றியும் பயமுறுத்தியிருந்தீர்கள், கிலோக்கணக்கில் ஏறும் என்று. 2000-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 195 அமெரிக்கர்களை எடைபோட்டுப் பார்த்ததில் விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அவர்களிடம் கேட்டபோது அதைவிடப் பல மடங்கு ஏறியதாக நினைத்தார்களாம். சரி, ஏறியது அப்புறம் இறங்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது, அதை நான் வேகமாகத் தாண்டிப் படித்தேன்.

குறையே சொல்லக்கூடாது. முதல் குறுஞ்செய்தி பற்றி எழுதியது அருமை. 1992 டிசம்பர் 3-ஆம் தேதியே, இருபத்திரண்டு நாள் முன்னதாக, நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து 'மெர்ரி கிறிஸ்துமஸ்' அனுப்பினார் என்று தேதியோடு போட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும் சேர்த்திருக்கலாம்: அதைப் பெற்ற ரிச்சர்ட் ஜார்விஸின் போனில் பதில் அனுப்ப வசதியே கிடையாது. வாழ்த்துக்குப் பதில் போடாமல் நிம்மதியாக இருந்த கடைசி மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

இடம் போதாது என்று சொல்வீர்கள். இருபது துணுக்குக்குப் பதில் எட்டு போடுங்களேன், எத்தனை பேர், எங்கே, எப்படி என்று மூன்று வரி கூடுதலாக. முடிந்தால் அடுத்த இதழில் அந்தப் பாராசூட் ஆய்விலேயே இருக்கும் படத்தையும் போடுங்கள், ஒருவர் காலிப் பையோடு நின்ற விமானத்திலிருந்து குதிக்கும் படம். அக்கா மகனுக்கு நான் சொன்னது இன்னும் முழுசாக நம்பிக்கை இல்லை.

அன்புடன்,
கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் ஒரு வாசகி