நகர மன்ற வாசலில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பது பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம். இரண்டு நாளாக இந்தக் குழுவில் ஒரே காரசாரம். "அமெரிக்காவில் நகராட்சி இடத்தில் சாமி விஷயமே கூடாது" என்று ஒருவர், "பெரும்பான்மை விரும்பினால் வைக்கலாம்" என்று இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

1989இல் பிட்ஸ்பர்க் வழக்கு வந்தது. நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் தனியாக வைத்த இயேசு பிறப்புக் குடில் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ஓரிரு தெரு தள்ளி, 45 அடி கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்ற 18 அடி யூத விளக்குக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே தீர்ப்பில் இரண்டும்! படித்தபோது எனக்கும் தலை சுற்றியது. வைத்த இடமும் சுற்றி இருந்தவையும்தான் வித்தியாசம்.

நகர்மன்றக் கூட்டத் தொடக்கத்தில் பிரார்த்தனை செய்யலாம் என்று 2014இல் தீர்ப்பானது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில். அப்புறம் 2022இல் பாஸ்டன் கொடிக்கம்பம். 284 முறை மற்றவர்கள் கொடியேற்ற அனுமதித்த நகராட்சி, கிறிஸ்தவக் கொடியை மட்டும் மறுத்தது. ஒன்பது நீதிபதிகளும் அது தவறு என்றார்கள்.

ஆகவே நகராட்சித் திடலில் நம் தீபாவளி விளக்கு அலங்காரத்துக்கு விண்ணப்பம் போடும் முன், அந்தத் திடலை வேறு யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நகராட்சியில் எழுத்தில் கேட்போம். கடிதத்தை நான் எழுதுகிறேன். அதுவரை மத நையாண்டிப் படங்களை இங்கே போட வேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன்.